வாடகை வீடு, 70 ஆயிரம் பட்ஜெட்: போர்ட்டபிள் புரொஜெக்டரா, ஹோம் தியேட்டர் புரொஜெக்டரா?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சி உறையூர்ப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான், மனைவி, ஆறாவது படிக்கும் மகள், அப்பா. அப்பாவுக்கு 74 வயது. வலது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து வெளியே போவது குறைந்துவிட்டது. தியேட்டர் படிக்கட்டை நினைத்தாலே வேண்டாம் என்கிறார். இளவயதில் வாரத்துக்கு இரண்டு படம் பார்த்த மனிதர். போன வாரம் டிவியில் ஏதோ பழைய படம் ஓடிக்கொண்டிருந்தபோது, "இதெல்லாம் பெரிசா பார்க்கணும்டா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அதிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது.

70 ஆயிரம் வரை ஒதுக்கியிருக்கிறேன். கடைக்குப் போனால் ஒருவர் தண்ணீர் பாட்டில் அளவுக்கு ஒன்றை எடுத்துக் காட்டினார். சுவரைப் பார்த்து வைத்ததும் தானே ஃபோகஸ் செய்துகொள்கிறது, தானே கோணலைச் சரி செய்கிறது, உள்ளேயே ஆப் எல்லாம் இருக்கிறது. அடுத்த கடையில் நாலு கிலோ வெள்ளைப் பெட்டி. அதில் ஒன்றுமே தானாக நடக்கவில்லை, ஆனால் படம் அப்படியே கண்ணில் நின்றது. இரண்டு கடைக்காரர்களும் மற்றதை வாங்காதே என்கிறார்கள்.

ஹால் 15 அடி நீளம், 11 அடி அகலம். நடுவில் சீலிங் ஃபேன். மேற்குப் பக்கம் இரண்டு ஜன்னல். சீலிங்கில் துளை போட வீட்டு உரிமையாளர் சம்மதிக்க மாட்டார். இரவில் படம், சனி ஞாயிறில் கிரிக்கெட், வருடத்துக்கு மூன்று நான்கு முறை துறையூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குப் போகும்போது மொட்டை மாடியில் சொந்தக்காரர்களோடு ஒரு படம். 43 இன்ச் டிவி ஏற்கனவே இருக்கிறது. எதை எடுக்கலாம்?

வயரிங்மேஸ்திரி:

கோவையில் 18 வருடமாக வீடுகளில் புரொஜெக்டர் மாட்டுகிற வேலை செய்கிறேன். நான் மாடல் பெயரிலிருந்து தொடங்க மாட்டேன், உங்கள் ஹாலிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் ஒன்று மனதில் பதிய வேண்டும். புரொஜெக்டரால் வெளிச்சத்தை மட்டும்தான் வீச முடியும், கறுப்பை வீச முடியாது. படத்தில் கறுப்பு என்று நீங்கள் பார்ப்பது, அந்த நேரத்தில் உங்கள் சுவர் எவ்வளவு இருட்டாக இருக்கிறதோ அதுதான். ஜன்னல் வெளிச்சம் சுவரில் விழுந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும். எந்த விலைக் கருவி வாங்கினாலும் இது மாறாது.

இப்போது கணக்கு. கருவி வீசும் மொத்த வெளிச்சத்தின் அளவு லூமென்ஸ், சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு விழுவது லக்ஸ். மூலைக்கு மூலை 100 இன்ச் படம் என்றால் 2.21 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் உயரம், பரப்பு சுமார் 2.76 சதுர மீட்டர். 300 ஆன்சி லூமென்ஸ் போர்ட்டபிளை அதில் விரித்தால் சுவரில் விழுவது சுமார் 109 லக்ஸ். 2,000 லூமென்ஸ் ஹோம் தியேட்டர் கருவி என்றால் சுமார் 725 லக்ஸ். பகலில் திரைச்சீலை போட்ட ஹாலின் சுவரில் 100 லக்ஸ் சாதாரணமாக இருக்கும். அதாவது போர்ட்டபிளில் வெள்ளை, கறுப்பைப் போல இரண்டு மடங்குதான் பிரகாசம். முகம் தெரியும், படம் தெரியாது. பெரிய கருவியில் எட்டு மடங்கு. மேட்ச் பார்க்கப் போதும், படம் பார்க்கப் போதாது.

இரவில் விளக்கை அணைத்துவிட்டால் கதை வேறு. தியேட்டர் திரையின் வெண்மைக்கு 48 நிட் (திரையிலிருந்து கண்ணுக்கு வரும் பிரகாசத்தின் அலகு) என்பது திரைத்துறையின் அளவு. 300 ஆன்சி லூமென்ஸ் 80 இன்ச்சில் நல்ல மேட் வெள்ளைச் சுவரில் 54 நிட் அளவுக்கு வரும், 100 இன்ச்சில் 35க்கு இறங்கிவிடும். அதனால் போர்ட்டபிளைக் குறைத்துப் பேச மாட்டேன். இருட்டில், 80 இன்ச்சுக்குள், அது நேர்மையாக வேலை செய்யும் பொருள். 120 இன்ச் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஆன்சி என்ற சொல்லை விடாதீர்கள். திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் அளந்து, சராசரி எடுத்துச் சொல்வது ஆன்சி லூமென்ஸ். பெட்டியில் வெறும் "லூமென்ஸ்" என்றோ "எல்இடி லூமென்ஸ்" என்றோ போட்டு 9,000, 12,000 என்று எழுதியிருந்தால் அந்த எண்ணால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அதே போல "4கே சப்போர்ட்". 4கே சிக்னலை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று மட்டும் அதற்கு அர்த்தம். சுவரில் விழுவது அதைவிட மிகக் குறைந்த 720பி ஆக இருக்கலாம். "நேட்டிவ் எவ்வளவு", அதாவது கருவியின் சொந்தப் பிக்சல் அளவு எவ்வளவு, என்று கேளுங்கள்.

அப்புறம் ஃபேன். நம் வீடுகளில் புரொஜெக்டருக்கு எதிரியே அதுதான், ஆனால் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து வாங்குகிறவர்கள் யாரும் இதை யோசிப்பதில்லை. 1.5 த்ரோ (படத்தின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரம் வேண்டும் என்ற எண்) உள்ள கருவிக்கு 100 இன்ச் வர சுவரிலிருந்து 11 அடி தள்ளி இருக்க வேண்டும். உங்கள் ஃபேன் சுவரிலிருந்து ஏழரை அடி தூரத்தில் தொங்குகிறது, இறக்கை இந்தப் பக்கம் இரண்டடி, அந்தப் பக்கம் இரண்டடி. சீலிங்கில் மாட்டினால் ஒளி இறக்கை வழியாகப் போகும், படம் முழுக்க மினுங்கும். துளை போட அனுமதி இல்லை என்றது உங்களுக்கு நல்லதுதான். பின்சுவரை ஒட்டி ஏழடி உயரத்தில் ஒரு திறந்த இரும்பு ராக்கை வைத்து, அதில் கருவியைத் தலைகீழாக வைத்தால் ஒளி ஃபேனுக்குக் கீழே போகும். ஆனால் 14 அடியிலிருந்து 100 இன்ச் என்றால் த்ரோ 1.93 வேண்டும். எல்லா மாடலிலும் அந்த அளவு ஜூம் இல்லை; வாங்குவதற்கு முன் த்ரோ எண்ணைப் பாருங்கள். லென்ஸ் ஷிஃப்ட் இருந்தால் இன்னும் நிம்மதி, லென்ஸையே நகர்த்திப் படத்தை இறக்கலாம். கீஸ்டோன் என்பது படத்தைச் சுருக்கி நேராக்குவது, பிக்சல் வீணாகும்.

ஊருக்கு வருடத்துக்கு நாலு முறை என்பது போர்ட்டபிள் வாங்க ஒரு காரணமே இல்லை. நாலு கிலோ பெட்டி காரில் வரும். வாரத்துக்கு வாரம் நகர்த்துகிறவருக்கும், பிளக் இல்லாத இடத்தில் போடுகிறவருக்கும்தான் போர்ட்டபிள். இதுவரை நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் ஹாலில் நிலையாக ஒரு 1080பி ஹோம் தியேட்டர் கருவி என்பதுதான் என் வாக்கு. போனில் ஒரு லைட் மீட்டர் ஆப் போட்டு, சுவரோடு சேர்த்துப் பிடித்து, மதியம், மாலை, இரவு மூன்று வேளையும் லக்ஸ் எவ்வளவு என்று எழுதுங்கள்.

இரவுப்பறவை:

70 ஆயிரத்துக்கு 65 இன்ச் டிவி வரும். பகலிலும் தெரியும். ஒரு வேலையும் இல்லை. இதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

மலைப்பள்ளி:

ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு ஊரில் ஆசிரியராக இருக்கிறேன். மூன்று வருடமாக மாதம் இரண்டு சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் படம் போடுகிறேன். சில நாள் பள்ளி வராந்தா, சில நாள் கோயில் முன்திடல், மழை வந்தால் யாராவது வீட்டுத் திண்ணை. அதனால் போர்ட்டபிள் பற்றி மட்டும் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

முதலில் நான் ஏமாந்தேன். 8 ஆயிரத்துக்கு ஆன்லைனில் ஒன்று, பெட்டியில் பத்தாயிரம் லூமென்ஸ் என்று போட்டிருந்தது. இருட்டிலேயே மங்கல். நாலு மாதத்தில் உள்ளே தூசி புகுந்து படத்தின் நடுவில் ஒரு சாம்பல் திட்டு வந்துவிட்டது. அடைத்து மூடிய ஒளிப்பாதை இல்லாத மலிவு எல்சிடி கருவிகளில் இது வரும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் அந்தத் திட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அடுத்த வருடம் காசு சேர்த்து டிஎல்பி சிப் (நுண்ணிய கண்ணாடிகளால் படம் காட்டுவது) உள்ள, 400 ஆன்சி லூமென்ஸ் உள்ள ஒன்று வாங்கினேன். அது இன்றுவரை ஓடுகிறது.

பேட்டரி இரண்டரை மணி நேரம் என்று போட்டிருந்தது. புதிதாக இருந்தபோது இரண்டேகால் மணி வந்தது, இப்போது ஒன்றே முக்கால். நம் படங்கள் இரண்டரை மணி நேரம். ஆகவே இடைவேளையில் சார்ஜ் ஏற்ற ஒரு வழி வேண்டும். 65 வாட் கொடுக்கும் யூஎஸ்பி-சி பவர் பேங்க் வைத்திருக்கிறேன். சாதாரணப் பவர் பேங்க்கில் கருவி விழிக்கவே செய்யாது. இன்னொன்று, பேட்டரியில் ஓடும்போது பெரும்பாலான கருவிகள் வெளிச்சத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். கடையில் பிளக்கில் பார்த்த வெளிச்சம் மாடியில் வராது. எல்லாப் போர்ட்டபிளிலும் பேட்டரி இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். சாம்சங்கின் ஃப்ரீஸ்டைல் 2022இல் வந்தபோது உள்ளே பேட்டரி கிடையாது, தனியாகத்தான் வாங்க வேண்டும்.

திரைக்கு ஒரு யோசனை. படுக்கை விரிப்பைக் கட்டினால் பாதி வெளிச்சம் பின்னால் ஓடிவிடும். நான் எட்டு முழ வேட்டியைப் பாதியாக மடித்துக் கட்டுகிறேன். மடித்தால் அகலம் 1.8 மீட்டர், உயரம் 1.27 மீட்டர். 80 இன்ச் படம் 1.77 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். அளவெடுத்துத் தைத்தது போல உட்காரும். இரண்டு அடுக்கு என்பதால் வெளிச்சமும் அவ்வளவாகக் கசியாது. கரை ஓரத்தில் போய்விடும். கீழே ஒரு மூங்கிலைச் செருகித் தொங்கவிடுங்கள், காற்றுக்கு ஆடாது. மழை விட்ட மறுநாள் மட்டும் வேண்டாம், ஈசல் முழுக்க லென்ஸ் முன்னால்தான்.

மேஸ்திரி சொன்னது சரி. நகர்த்தும் தேவை இல்லாதவர் இந்தச் சிரமங்களைப் படக்கூடாது.

காவிரிக்கரை:

மேஸ்திரி அண்ணா, ஆசிரியர் ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிகவும் நன்றி. லக்ஸ் அளந்தேன். போன் சென்சார்தான், துல்லியமாக இருக்காது. மதியம் மூன்றரை மணி, திரைச்சீலை போட்டு: 140. மாலை ஆறரை: 30. இரவு டியூப் லைட் எரியும்போது 70, எல்லாவற்றையும் அணைத்தால் 1.

ஒரு விஷயத்தை முதல் பதிவில் எழுதாமல் விட்டுவிட்டேன், அது பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பாவால் நாற்காலியில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. முழங்கால் இறுகிக்கொள்ளும். பாதிப் படத்தில் எழுந்து தன் அறைக்குப் போய் படுத்துக்கொள்வார். "நீங்க பாருங்க, நான் காதால கேட்டுக்குறேன்" என்பார். நேற்று ஹாலில் இருட்டில் நின்று லக்ஸ் அளந்துகொண்டிருந்தபோதுதான் உறைத்தது: நான் ஹாலில் 100 இன்ச் கட்டினால் முதல் பாதியை மட்டும்தான் அப்பாவுக்குக் கொடுக்கிறேன்.

அவர் அறை பத்துக்குப் பத்து. கட்டிலுக்கு எதிர்ச்சுவர் வெறுமையாக இருக்கிறது, ஆனால் வெளிர்பச்சை டிஸ்டெம்பர். ஒரே ஜன்னல், அதுவும் கிழக்கு.

வயரிங்மேஸ்திரி:

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். என் வாக்கை மாற்றிக்கொள்கிறேன். போர்ட்டபிள் எடுங்கள்.

காரணம் அளவு மட்டும் இல்லை. லாம்ப் உள்ள ஹோம் தியேட்டர் கருவி 250, 300 வாட் இழுக்கும், அத்தனையும் சூடாக அந்த அறைக்குள்தான் இறங்கும். பத்துக்குப் பத்து அறையில், திருச்சி மே மாதத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில் அதை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அதன் விசிறிச் சத்தம் தலைமாட்டிலேயே கேட்கும். கரண்ட் திடீரென்று போனால் சூடான லாம்பைக் குளிர்விக்க விசிறியும் ஓடாது, அது லாம்பின் ஆயுளுக்கு நல்லதில்லை. எல்இடி போர்ட்டபிள் 60, 65 வாட்டில் ஓடும், பேட்டரி உள்ளதாக எடுத்தால் கரண்ட் போனாலும் படம் நிற்காது.

அந்த அறையில் 65 இன்ச் போதும். கட்டிலிலிருந்து ஏழடியில் பார்க்கிறவருக்கு அது ஹாலில் 14 அடியில் பார்க்கும் 130 இன்ச்சுக்குச் சமம், கண்ணில் விழும் அளவு அதேதான். 400 ஆன்சி லூமென்ஸ் 65 இன்ச்சில் சுமார் 340 லக்ஸ் கொடுக்கும். மாலை ஆறரைக்கு உங்கள் ஹாலில் இருக்கும் 30 லக்ஸ் வெளிச்சத்தில்கூடத் தாங்கும். த்ரோ 1.2 என்றால் சுவரிலிருந்து ஐந்தே முக்கால் அடி தள்ளி வைக்க வேண்டும், அதாவது கட்டிலை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு ஸ்டூல். அவர் இரவில் எழுந்து நடக்கும் வழியில் ஸ்டூலும் வயரும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் ஆபரேஷன் ஆனவர், இதை நான் படத்தின் தரத்தைவிட முக்கியமாகச் சொல்கிறேன்.

நேட்டிவ் 1080பி கண்டிப்பாக வேண்டும். 720பியில் ஸ்கோர்கார்டு எழுத்து வயதானவர்களுக்குச் சிரமம். சுவரில் ஐந்தடிக்கு நாலடி அளவுக்கு மேட் வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட் அடியுங்கள். பளபளப்புப் பெயின்ட் வேண்டாம், நடுவில் விளக்கு போல ஒளிரும். பச்சைச் சுவரில் முகமெல்லாம் நோயாளி போலத் தெரியும். காலி செய்யும்போது பழைய நிறத்தையே அடித்துக் கொடுத்துவிடலாம்.

மதிய மேட்ச்சுக்கு 43 இன்ச் டிவியே இருக்கட்டும். 140 லக்ஸில் எந்தப் புரொஜெக்டரும் அதை வெல்லாது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். லாம்ப் போனால் புது லாம்ப் மாட்டலாம். போர்ட்டபிளில் எல்இடியோ பேட்டரியோ போனால் உள்ளூரில் சரி செய்ய ஆள் கிடைப்பது கடினம். வாரண்டி எத்தனை வருடம், சர்வீஸ் சென்டர் திருச்சியில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சேலத்துராகம்:

ஒலி பற்றி ஒரு வார்த்தை. புளூடூத் ஸ்பீக்கரில் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போகும். ஆக்ஸ் வயர் போட்டால் சரியாகிவிடும். ஸ்பீக்கரைத் திரைக்குக் கீழே வையுங்கள், கருவிக்குப் பக்கத்தில் வேண்டாம். முகம் இருக்கும் இடத்திலிருந்து குரல் வந்தால்தான் வயதானவர்களுக்கு வசனம் பிடிபடும்.

காவிரிக்கரை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நேட்டிவ் 1080பி, 450 ஆன்சி லூமென்ஸ் என்று எழுதியிருந்த ஒன்றை 52 ஆயிரத்துக்கு எடுத்தோம். சர்வீஸ் சென்டர் தில்லைநகரில் இருக்கிறது, நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். கடைக்காரரிடம் விளக்கை அணைக்கச் சொல்லி, பேட்டரியில் ஓட்டிக் காட்டச் சொன்னேன். வெளிச்சம் இறங்கியது கண்ணுக்கே தெரிந்தது. ஆசிரியர் ஐயா சொல்லாமல் இருந்தால் அதை ஊர் மாடியில்தான் கண்டுபிடித்திருப்பேன்.

சுவரில் வெள்ளை அடித்தது என் மகள்தான். மாஸ்கிங் டேப் ஒட்டி, அளவு எடுத்து, இரண்டு கோட். ஸ்டூலைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டோம், வயர் சுவரோரமாக வருகிறது. ஆக்ஸ் வயரில் ஒரு சின்ன சவுண்ட்பார், திரைக்குக் கீழே பெஞ்சில்.

கீஸ்டோனைத் தானாக விட்டால் ஒவ்வொரு முறை ஸ்டூல் அசையும்போதும் படம் ஒரு நொடி நின்று தன்னைச் சரி செய்துகொண்டது. அதை அணைத்துவிட்டு, கருவியைச் சுவருக்கு நேராக வைத்து, நிற்க வேண்டிய இடத்தை ஸ்டூலில் பென்சிலால் குறித்துவிட்டேன். படமும் கூர்மையாகிவிட்டது.

முதல் நாள் அப்பா தலையணை இரண்டு வைத்துச் சாய்ந்து படுத்துக்கொண்டார். நாங்கள் மூவரும் கீழே பாயில். ஒரு மணி நேரம் ஆனதும் பழக்கத்தில் எழுந்துவிடுவாரோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கவனிக்கவே இல்லை. இடைவேளை எழுத்து வந்ததும் மகள் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டாள். "முறுக்கு வாங்க யார் போறது?" என்றார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். எட்டு முழ வேட்டி எடுத்து வைத்தாயிற்று. ஆசிரியர் ஐயா, அந்த மூங்கில் எவ்வளவு கனம் இருக்க வேண்டும்?

மலைப்பள்ளி:

கட்டைவிரல் கனம் போதும். இரண்டு முனையிலும் அரை செங்கல் கட்டித் தொங்கவிடுங்கள். பொங்கல் நேரத்தில் பனி இறங்கும், ஒன்பது மணிக்கு மேல் கருவியின் மேல் ஒரு குடையைப் பிடித்துவிடுங்கள். காற்று உள்ளே போகும் துளைகளை மட்டும் மூடாதீர்கள். அப்பாவுக்கு ஒரு கயிற்றுக் கட்டில் மேலே ஏற்றிவிட முடியுமா பாருங்கள்.